சின்னம்மைக்கும் தடுப்பூசி உண்டு

அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவது நம்மவர் வழக்கம். அயலார் விலகி நிற்க அது உதவும், அவ்வளவில் நன்றே. ஆயினும் சின்னம்மையோ, கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே பிறரைத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை செருகும் வேளையில் அது அடுத்த வீட்டை அடைந்திருக்கக்கூடும்.

இதற்கான தடுப்பூசியை ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974ஆம் ஆண்டில் உருவாக்கினார். தம் மகன் இந்நோயால் பட்ட துன்பமே அவரை இவ்வாராய்ச்சிக்குத் தூண்டிற்று. சிங்கப்பூர் 2020 நவம்பரில் இதைத் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது. முதல் ஊசி 12ஆம் மாதத்திலும், அடுத்தது 15ஆம் மாதத்திலும் போடப்படுகின்றன.

பெரியவர்களின் நிலை என்ன? “எமக்கு அன்றே அம்மை குத்தியாயிற்று” என்று தோள் வடுவைக் காட்டுவோர் உண்டு. அவ்வடு பெரியம்மைக்குரியது. அந்நோய் ஒழிந்ததென 1980இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சின்னம்மைக் கிருமி வேறு. பழைய வடு அதைத் தடுக்காது.

வெப்ப நாடுகளில் பலர் சிறுவயதில் சின்னம்மை காணாமலே வளர்ந்துவிடுகின்றனர். தேக்கா வட்டாரத்தில் ஞாயிறுதோறும் கூடும் தமிழகத் தொழிலாளரிடையேயும் அத்தகையோர் இருப்பர். ஓரறையில் பலர் உறங்கும் விடுதியில் ஒருவருக்குக் கண்டால் மற்றவரையும் பற்றும். நம் லயங்களும் அப்படித்தானே! வளர்ந்தோருக்கு நுரையீரல் அழற்சி வரை முற்றலாம் என்பதால் இதை விளையாட்டாகக் கருதலாகாது.

நோய் காணாத பெரியவர்கள் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரு ஊசிகள் போட்டுக்கொள்ளலாம். கருவுற்ற பெண்களுக்கு இவ்வூசி ஆகாது. மகப்பேற்றை எதிர்நோக்குவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோயுற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் தணிய ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்கான பின்னரே அதைப் பள்ளிக்கு அனுப்புக.