கடல்நீரில் நீந்தும் நுண்ணுயிர்

பீர்க்கன்கரணை ஏரியில் மீன்கள் வாலை வளைத்துத் திரும்புவதைக் காண்கின்றோம். கிழக்கே கடலில் வாழும், வாலும் துடுப்புமில்லா நுண்ணுயிர்கள் எங்ஙனம் திரும்பும்? வெப்பக் கடலோரங்களில் வாழும் விப்ரியோ ஆல்ஜினோலிட்டிக்கஸ் என்னும் பாக்டீரியாவை நோக்குவோம். அதன் ஒரு முனையில் ஒற்றைக் கசையிழை உண்டு. பயிரைக் கெடுக்கும் உப்பே அதற்கு ஆற்றல். உப்பின் சோடியம் உட்புகுங்கால் இழை சுழல்கின்றது. அவ்வுயிர் முன்செல்லும், பின்வாங்கும், மீண்டும் முன்செல்லத் தொடங்குகையில் இழையின் அடி மடங்க, உடல் புதுத்திசை நோக்கும். இதனை ஆராய்ச்சியாளர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடலில் உணவு அரிது. கிடைப்பதும் விரைவிற் கரைந்துபோம். உணவின் செறிவு பெருகின் அவ்வழியே நெடிது செல்லும். குறையின் விரைந்து திரும்பும். பின்வாங்க அறியாதேல் பட்டினியே எய்தும். சிற்றுயிர்க்கும் இறைவன் இவ்வழி வகுத்தனன். பின்னடைவு கண்டு மாணவராகிய நாம் கலங்குவதேன்?