காளான்: வேகவைத்தால் மட்டும் போதுமா?



ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் வேலியோரம், வைக்கோல் படப்பு, புற்று மேடு என்று எங்கும் காளான் முளைக்கிறது. இன்னொரு பக்கம் நம் குழுக்களில் சிலர் சிப்பிக்காளான் வளர்த்து விற்கிறோம். "காளானைப் பச்சையாச் சாப்பிடலாமா? நல்லா வேக வெச்சா எந்தக் காளானையும் சாப்பிடலாமா?" இந்த இரண்டு கேள்விக்கும் இந்த மாதம் பதில் பார்ப்போம்.

வளர்க்கும் காளான்

கடையில் கிடைக்கும் மொட்டுக்காளான், நாம் வளர்க்கும் சிப்பிக்காளான், பால்காளான் ஆகியவை நல்ல உணவு. பால்காளானில் ஏ.பி.கே.2 என்ற ரகம், நம் பக்கத்து அருப்புக்கோட்டையில் உள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

ஆனாலும் இவற்றைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். காரணம் இதுதான்:

1. இறால், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருள்தான் காளானிலும் இருக்கிறது. பச்சையாகத் தின்றால் சரியாகச் செரிக்காது. வயிறு உப்பும். வேகவைத்தால் இளகிவிடும்.
2. சில காளான்களில் இயற்கையாகவே வயிற்றுக்கு ஒவ்வாத பொருட்கள் உண்டு. அவற்றில் பல சூட்டில் குறைந்துவிடும்.
3. படுக்கையிலும் பறிக்கும் கையிலும் உள்ள கிருமிகள் சூட்டில்தான் சாகும்.

காஷ்மீர், இமாச்சல் மலைகளில் குச்சி என்று ஒரு காளான் உண்டு. விலை மிக அதிகம். அதே இனக் காளானை 2023இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறினார்கள். 51 பேர் நோயில் விழுந்தார்கள், 2 பேர் இறந்தார்கள். நல்ல காளானுக்கும் அடுப்பு வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

காளானை நன்றாகக் கழுவி, உள்வரை முழுதாக வேகும்படி 10, 15 நிமிடம் சமைக்க வேண்டும். பிசுபிசுத்து, நாற்றம் வந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

அடுப்புக்கு அடங்காத விஷம்

மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் பேத்தை மீனைத் தெரியாதவர் இல்லை. அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள விஷம் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது. சில காட்டுக் காளான்களின் விஷமும் அப்படித்தான். வேகவைத்தாலும், வறுத்தாலும், காயவைத்தாலும் போகாது.

2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பகுதிகளில், காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள்.

இந்தக் கொடிய விஷம் உடனே காட்டாது. சாப்பிட்டு 6 மணி முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி வரும். பிறகு கொஞ்சம் தேறியது போல் இருக்கும். "சரியாப் போச்சு" என்று வீட்டில் இருந்துவிடுவோம். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

நம்பக் கூடாத சோதனைகள்

- "வெள்ளிக் காசு கறுக்கலைன்னா நல்ல காளான்." தவறு.
- "பூச்சி, நத்தை தின்னுருக்கு, நாமும் தின்னலாம்." தவறு. பூச்சிக்கு ஆகாத விஷம் நமக்கு ஆகும்.
- "மஞ்சள், புளி, பூண்டு போட்டா விஷம் முறியும்." தவறு.
- "வெள்ளையா இருந்தா நல்லது." தவறு. கொடிய காளான்களிலும் வெள்ளை உண்டு.

புற்றுக் காளான் நல்ல காளான்தான். ஆனால் மழைக்குப் பின் புல்தரையில் வரும் ஒரு வெள்ளைக் குடைக் காளானும் பார்க்க அழகாக இருக்கும். முற்றியதும் குடைக்கு அடியில் மீன் செவுள் போன்ற மடிப்புகள் பச்சை நிறமாக மாறும். தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி. இளசாக இருக்கும்போது வேறுபாடு தெரியாது. ஆகவே பறித்த காளான் வேண்டாம், வளர்த்த காளான் போதும்.

யாராவது சாப்பிட்டுவிட்டால்

- உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். கஷாயம், மந்திரிப்பு என்று நேரம் கடத்த வேண்டாம்.
- 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடச் சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், நோவு இல்லாவிட்டாலும்.
- மீதிக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போக வேண்டும்.
- "காளான் சாப்பிட்டோம், இத்தனை மணிக்கு" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

காளான் வளர்க்கும் குழுக்களுக்கு

படுக்கையில் ஈரம் அதிகமானால், வைக்கோல் சரியாக வேகாவிட்டால், மெலிந்த களைக் காளான் முளைக்கும். அது கறுத்து மை போல உருகும். அதை உடனே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். எடை கூட்டுவதற்காக வேறு எந்தக் காளானையும் பாக்கெட்டில் சேர்க்கக் கூடாது. ஒரு பாக்கெட்டில் தவறு நடந்தால் ஒரு வீட்டு உயிர் போகும், அதோடு எல்லாக் குழுக்களின் பெயரும் போகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் காளானைச் சோதிக்க என்னென்ன வழி சொல்கிறார்கள்? அவை சரியா?
2. நம் பிள்ளைகள் மழைக்காலத்தில் காளான் பறிக்கிறார்களா? அவர்களுக்கு யார் சொல்வது?
3. விற்கும் பாக்கெட்டில் "நன்கு வேகவைத்து உண்ணவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோமா?