வரிசை எண்ணை லூப் போடட்டும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பைதான் நிரலைப் படித்தேன். வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கு வரிசை எண் போட, லூப்புக்குள் ஒவ்வொரு பெயருக்கும் இன்டெக்ஸ் மெத்தடைக் கூப்பிட்டிருக்கிறாய். ஓடத்தான் செய்கிறது. ஆனால் பட்டியலில் இரண்டு திவ்யா இருக்கிறார்களே! இரண்டாமவளுக்கும் முதல் திவ்யாவின் எண்தான் விழும். இன்டெக்ஸ் எப்போதும் தலையிலிருந்து தேடும். முதலில் கண்ட இடத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பட்டியல் நீளமானால் இந்தத் தேடலே நேரத்தைத் தின்றுவிடும்.

சிலர் வெளியே ஐ என்று ஒரு மாறியை 0-இல் வைத்து, லூப்பின் கடைசி வரியில் ஒன்று கூட்டுவார்கள். நடுவே ஒரு கன்டினியூ வந்தால் போச்சு. அந்தச் சுற்றில் கூட்டும் வரியே ஓடாது. அதன்பின் எல்லா எண்ணும் ஒன்று குறைவாகவே வரும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் வம்பு.

2003-இல் வெளிவந்த பைதான் 2.3-இலேயே இதற்கு எனுமரேட் வந்துவிட்டது. ரேமண்ட் ஹெட்டிங்கர் முன்மொழிந்தது. ஃபாருக்குப் பின் எண், பெயர் என்று கமா போட்டு இரண்டு மாறிகள். இன்னுக்குப் பின் எனுமரேட், அடைப்புக்குறிக்குள் பட்டியல். அவ்வளவுதான். சுற்றுக்கு ஒரு ஜோடியாக எண்ணும் பெயரும் வரும். ஸ்டார்ட் சமம் 1 என்று சேர்த்தால் எண் 1-இல் தொடங்கும். முதல் பெயர் விட்டுப்போகாது, பயப்படாதே. ஆனால் அந்த எண்ணை வைத்துப் பட்டியலுக்குள் கை விட்டால் அடுத்த பெயர்தான் கிடைக்கும்.

அடுத்து நீ கேட்ட எழுத்து எண்ணிக்கை. எனுமரேட்டிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பார். நமக்கு மூன்றெழுத்து; லூப்போ 5 சுற்று ஓடும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூனிகோடில் கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு. பைதான் அவற்றைத்தான் எண்ணுகிறது. ஆக, எனுமரேட் சொல்வது எத்தனையாவது சுற்று என்பதை மட்டுமே. எழுத்தை எண்ண, தனியாக ஒரு மாறி வேண்டும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள கேட்டகரியிடம் ஒவ்வொரு குறியையும் காட்டு. விடை 'எம்' என்று தொடங்கினால் அது ஒட்டுக்குறி, விட்டுவிடு. மற்றதற்கு மட்டும் ஒன்று கூட்டு. 'தமிழ்' 3 ஆகிவிடும்.

உன் பட்டியலில் ஒரு லக்ஷ்மியும் இருக்கிறாள். இந்த வழி அவள் பெயருக்கு 4 என்று சொல்லும். க்ஷ்-ஐ ஓரெழுத்தாகக் கொள்பவர்கள் 3 என்பார்கள். அவர்கள் கணக்குப்படி வர எந்த இடத்தில் என்ன நிபந்தனை சேர்ப்பாய்? எழுதிப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
மாமா