பாய்மரப் படகின் ஹைட்ராலிக் சுக்கான்: பழுதறிதலும் பராமரிப்பும்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் கண்ட இவ்விதியைப் பள்ளிகளில் பெரும்பாலும் இரு பிஸ்டன்களைக் கொண்ட படத்தினால் விளக்குவர். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுக்கான் அதற்கு உயிருள்ள உதாரணமாகும்.

இவ்வமைப்பில் மாலுமி பிடிக்கும் சக்கரத்தின் அச்சிலேயே ஒரு சிறு பம்பு உள்ளது. சக்கரம் சுழலும்போது எண்ணெய் ஒரு குழாய் வழியே சென்று, சுக்கான் தண்டின் கரத்தோடு இணைந்த சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. மறுபுறத்து எண்ணெய் மற்றொரு குழாய் வழியே திரும்புகிறது. பம்பை ஒட்டியுள்ள பூட்டு வால்வு, அலையின் வேகம் சுக்கானைத் தாக்கிச் சக்கரத்தைத் திருப்பாதவாறு எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. இயந்திரப் படகுக்கு இது நன்மையே. பாய்மரப் படகிலோ, காற்று மிகும்போது படகு காற்றை நோக்கித் திரும்ப முயல்வதை மாலுமி சக்கரத்தின் வாயிலாகவே கையில் உணர வேண்டும். அவ்வுணர்ச்சியை இவ்வால்வு மறைத்துவிடுகிறது. ஆகவே அவர் பாயையும் திசைகாட்டியையும் இன்னும் கூர்ந்து நோக்குதல் அவசியமாகிறது.

சுக்கானை இயக்கும் சாதனம் எவ்வகையினதாயினும், அது பழுதுற்றால் பயணம் தடைப்படும். 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட ‘தாரிணி’ என்னும் இந்தியக் கடற்படைப் பாய்மரப் படகு, ஆறு பெண் அதிகாரிகளுடன் திரும்பும் வழியில், இச்சாதனத்தில் ஏற்பட்ட கோளாற்றினால் 2018இல் மொரீஷியஸ் துறைமுகத்தில் தங்க நேர்ந்தது.

ஹைட்ராலிக் அமைப்பில் மிகுதியாகக் காணப்படும் கோளாறு, குழாய்களுக்குள் காற்றுப் புகுதலாகும். சக்கரம் பஞ்சு போல் மெத்தென்றிருக்கும்; வழக்கத்தைவிட அதிகச் சுற்றுகள் தேவைப்படும். இதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு சுற்றுக்கு 30 கன சென்டிமீட்டர் எண்ணெய் தரும் பம்பும், 150 கன சென்டிமீட்டர் கொள்ளும் சிலிண்டரும் இருப்பின், சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல 5 சுற்றுகள் போதும். குழாயில் 35 கன சென்டிமீட்டர் காற்று தங்கியிருப்பதாகக் கொள்வோம். பளு ஏறி, அழுத்தம் 35 வளிமண்டல அளவை எட்டும்போது அக்காற்று 1 கன சென்டிமீட்டராகச் சுருங்கும். சுக்கான் சிறிதும் அசையாமலே 34 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சுற்றுக்கும் மேற்பட்ட உழைப்பு, வீணாகிறது. அதே அழுத்தத்தில் எண்ணெயோ சுமார் நானூறில் ஒரு பங்கே சுருங்கும்.

காற்றை வெளியேற்ற, பம்பின் எண்ணெய்க் கலத்தை நிரப்பி, சிலிண்டரின் ஒரு பக்கத்துக் காற்றுப்போக்கித் திருகைத் தளர்த்திச் சக்கரத்தை அத்திசையில் மெதுவாகச் சுழற்ற வேண்டும். குமிழியின்றி எண்ணெய் வந்த பின்னர் திருகை மூடி, மறுபக்கத்திலும் அவ்வாறே செய்தல் வேண்டும். இடையில் கலம் வற்றினால் முழு வேலையும் வீண். காற்று மீண்டும் மீண்டும் புகுமாயின், எங்கோ ஓர் இணைப்பு கசிகிறது என்று கொள்க. உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தலே எளிய சோதனை.

வெளியே கசிவின்றியும் சக்கரம் நழுவுமாயின் கோளாறு உள்ளே இருக்கிறது. சுக்கானைக் கோடிவரை திருப்பி, சக்கரத்தை மிதமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மிகச் சிறிய நகர்வு பழுதாகாது. தொடர்ந்து சுழன்றுகொண்டே இருப்பின் எண்ணெய் உள்ளுக்குள் வழி மாறுகிறது. பம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே நிறுத்து வால்வுகள் இருப்பின் அவற்றை மூடி மீண்டும் சோதிக்கலாம். அப்போது சக்கரம் உறுதியாக நின்றால் சிலிண்டரின் அடைப்பு வளையமோ, சரியாக மூடாத சுற்றுவழி வால்வோ காரணம். அப்போதும் நழுவினால் பம்பையும் பூட்டு வால்வையும் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் நழுவுதல், பெரும்பாலும் அப்பக்கத்து வால்வில் தூசு சிக்கியதன் அறிகுறி.

சக்கரம் கடினமாயிருந்தால் உடனே பம்பைக் கழற்றுதல் தகாது. இத்தவறு அனுபவசாலிகளிடமும் உண்டு. முதலில் சிலிண்டரைக் கரத்திலிருந்து விடுவித்து, சுக்கானைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுவே இறுகியிருப்பின் குற்றம் தாங்கியில் உள்ளது, எண்ணெயில் அன்று.

தயாரிப்பாளர் குறித்த ஹைட்ராலிக் எண்ணெயையே ஊற்ற வேண்டும். மோட்டார் வண்டியின் பிரேக் திரவம் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். எண்ணெய் பால் போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது, மாற்றிவிட வேண்டும். பிஸ்டன் தண்டில் படியும் உப்பை நன்னீரால் துடைத்தல் நன்று. சுக்கானின் எல்லைத் தடைகள் பிஸ்டன் சிலிண்டரின் அடியை முட்டுமுன்பே பளுவைத் தாங்குமாறு அமைந்திருத்தல் வேண்டும்.

அவசரக் கைப்பிடியைப் பற்றி ஒன்று. ஹைட்ராலிக் அமைப்பு செயலிழந்தபோது, அதைச் சுக்கான் தண்டில் செருகினால் மட்டும் போதாது. சிலிண்டருக்குள் எண்ணெய் அடைபட்டிருக்கும்வரை எவ்வளவு பலமுள்ளவராலும் அதை அசைக்க இயலாது. முதலில் சுற்றுவழி வால்வைத் திறக்க வேண்டும். அவ்வால்வு இல்லாத படகில் சிலிண்டரின் இணைப்பு ஊசியை உருவ வேண்டும். அவ்வால்வு இருக்கும் இடத்தைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் துறைமுகத்திலேயே, விளக்கின்றித் தடவிக் கண்டுபிடித்துத் திறந்து பழகியிருத்தல் வேண்டும்.