எச்சம் சொல்லும் சாட்சி

இடைக்கால இங்கிலாந்தில் காட்டுவிலங்குகளின் எச்சங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தனவாமே? வேட்டையாடிய பிரபுக்களின் வெறும் பகட்டுதானே அது?

பகட்டும் உண்டு, பயன் அதைவிடப் பெரியது. மானின் புழுக்கை 'ஃப்யூமெட்', காட்டுப்பன்றியின் விட்டை 'லெஸ்', நீர்நாயின் எச்சம் 'ஸ்ப்ரெயின்ட்'. 14-ஆம் நூற்றாண்டில் கஸ்தோன் ஃபேபுஸ் எழுதிய பிரெஞ்சு வேட்டை நூலின்படி, தடம் தேடப் போனவர் மான் புழுக்கையை ஊதுகொம்பில் போட்டுக் கொண்டுவந்து பிரபுவிடம் காட்ட வேண்டும். அதன் அளவையும் வடிவத்தையும் பார்த்தே, துரத்தத் தகுந்த முதிர்ந்த ஆண்மானா என்று முடிவெடுத்தார்கள். கண்ணில் படாத விலங்குக்கு அதுதான் சாட்சி. ஒரே பொதுச்சொல் போதாதா என்று கேட்கலாம். தனிச்சொல்லைச் சொன்னதுமே எந்த வகை விலங்கு என்பதும் விளங்கிவிடுகிறதே! வெறும் பகட்டாக இருந்திருந்தால் பிரபுக்களோடு போயிருக்கும். பிரிட்டனில் நீர்நாய்களைக் கணக்கெடுப்பவர்கள் இன்றும் ஆற்றங்கரையில் 'ஸ்ப்ரெயின்ட்'டைத்தான் தேடுகிறார்கள்.