பாடும்போதே அணைந்துபோகும் ரிசீவர்

வால்யூமைச் சற்றுக் கூட்டியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பாட்டு நின்றுவிடுகிறது. சில மாடல்களில் திரையில் ‘புரொடெக்ட்’ என்று காட்டும், சிலவற்றில் விளக்கு மட்டும் சிமிட்டும். உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்று, ஆபத்தைக் கண்டு ரிலேயைத் துண்டித்திருக்கிறது. பல வீடுகளில் குற்றவாளி ரிசீவர் அல்ல, அதன் பின்னால் தொங்கும் ஒயர்தான். ரிப்பேர் கடைக்குத் தூக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. எப்போது அணைகிறது? போட்டவுடன் என்றால் ஷார்ட் அல்லது உள்பழுது. சத்தம் கூடும்போது என்றால் ஸ்பீக்கர் சுமை. அரை மணி நேரம் பாடியபின் என்றால் பெரும்பாலும் சூடு.

2. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றுங்கள். பிறகு வெறும் ரிசீவரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் கோளாறு உள்ளேதான். 8ஆம் குறிப்புக்குப் போய்விடலாம். (பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கெடலாம்.)

3. அணையவில்லையா? ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ரிசீவரை அணைத்துவிட்டு. எதை மாட்டியதும் அணைகிறதோ, அதை ஒயரோடு எதிர்ப்பக்கச் சேனலுக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் ஸ்பீக்கரோ ஒயரோ பழுது. பழைய பக்கத்திலேயே நின்றால் ரிசீவரின் அந்தச் சேனல்.

4. ஒயர் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். டெர்மினலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி போன்ற ஒரே ஒரு செம்பு இழை, பக்கத்து டெர்மினலையோ பின்பக்கத் தகட்டையோ தொட்டால் போதும். முனையை 1 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள். பனானா பிளக் போட்டால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் பக்க முனையையும் விடாதீர்கள். பலர் ரிசீவர் பக்கம் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பீரோ காலில் நசுங்கிய இடம், எலி கடித்த இடம், ஆணி இறங்கிய இடம் இவையும் சந்தேகத்துக்கு உரியவையே.

5. ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். அதை ரிசீவரின் பின்னால் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு ஜோடிகளையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அவை இணையாகச் சேர்கின்றன. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் வெறும் 2 ஓம். 2 ஓமை வீட்டு ரிசீவர்களில் பல தாங்காது. ஒரு ஜோடியை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் கழற்றிய ஸ்பீக்கரை அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 வரை காட்டும், அது சரியான அளவுதான். 1 ஓமோ அதற்கும் கீழோ காட்டினால் வாய்ஸ் காயிலோ உள்ளே உள்ள கிராஸ் ஓவரோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

6. ரிசீவர் தலைமேல் செட்டாப் பாக்ஸ், அதன்மேல் விரிப்பு, அதன்மேல் பொம்மை. மூச்சு விட இடம் வேண்டாமா? மேலே 10 சென்டிமீட்டராவது காலியாக இருக்கட்டும். மேல்மூடியின் துளைகளில் உள்ள தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தபின் அணையாமல் பாடினால் காரணம் சூடுதான் என்று உறுதி.

7. பாஸ் குமிழைக் கடைசிவரை திருப்பும் பழக்கத்தை விடுங்கள். பாஸை 10 டெசிபல் கூட்டினால் அந்தச் சுரங்களுக்கு 10 மடங்கு பவர் தேவைப்படும்.

8. ஸ்பீக்கரே இல்லாமலும் அணைந்தால், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி மின்சாரம் கசிவது ஒரு முக்கியக் காரணம். மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் 1 முதல் 3 வரை கண்டதைச் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம். “புரொடெக்‌ஷனைத் தூக்கிட்டு நேரா கொடுத்துடறேன் சார்” என்று அவர் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்த டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போய் வாய்ஸ் காயிலைக் கருக்கிவிடும்.