திங்கட்கிழமை வரை பொறு, மகளே



பெரியப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் பேசும்போது பாதிப் பேச்சு கன்னத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல், ஆறு மாதமாக இனிப்புப் பட்டால் கூச்சம், இந்தக் கிழமை முழுக்கத் தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போர்டிங் பிள்ளைகள் சொன்ன ஓர் இடத்தில் கழற்றிவிடப் போகிறேன் என்றாய். "ஒரே நாளில் முடிந்துவிடும் பெரியப்பா, லீவும் போகாது, வருகைக் காசும் போகாது" என்று கணக்கும் சொன்னாய். போனில் நான் என்ன சொன்னாலும் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டில் யாரைக் கேட்டாலும் கழற்றத்தான் சொல்வார்கள். உன் அப்பாயிக்குப் பல் டொக்டர் என்றால் குறடு, அவ்வளவுதான். தாத்தாவுக்கு ஐம்பது வயதில் முன்வாயில் நான்கைந்து பல்தான் மிச்சம். ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் ஆடும். ஒருநாள் ரொட்டியோடு வந்துவிடும். லயத்துக் கூரைமேல் எறிந்துவிட்டுப் பிரட்டுக்குப் போய்விடுவார். ஆனால் தாத்தாவின் பல்லில் ஓட்டை இருந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1970இல் ஹெரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்தியரும் அவருடைய ஆட்களும் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்து எழுதி வைத்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து, மொத்தம் ஆறு தடவை பார்த்தார்கள். கடைசித் தடவை மிஞ்சியிருந்தவர்கள் 161 பேர். பிரஷ் என்பதையே அறியாத வாய்கள். காறை படிந்து, ஈறு வீங்கிக் கிடந்தன. சுமார் 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாக இறங்கி, 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக இறங்கியது. மீதி 11 சதவீதம் பேருக்கு, ஒரு நாளும் பல் விளக்காமலே, ஈறு வீக்கத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. உலகத்துப் பல் வைத்தியப் புத்தகங்களில் எல்லாம் இன்றைக்கும் இந்தக் கணக்கு இருக்கிறது. பதினைந்து வருடம் நம் ஆட்களின் பல் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனதில் ஒரு முள் குத்தும். அது வேறு பேச்சு.

உனக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கில் இருக்கும் இன்னொரு வரி. அந்த வாய்களில் சூத்தை அநேகமாக இல்லவே இல்லை. விழுந்த பல் எல்லாம் ஈறு விட்டதால் விழுந்தவை. பல் நல்ல பல். பிடித்திருந்த மண்தான் கரைந்துபோனது. அப்படிப்பட்ட பல்லுக்குக் கழற்றுவதுதான் முடிவு என்று நம் பெரியவர்கள் பழகியதில் தப்பில்லை. உன் கதை நேர் எதிர். மண் கெட்டியாக இருக்கிறது, மரத்தில்தான் பொந்து. தாத்தா வாய்க்குச் செய்ததை உன் வாய்க்கும் செய்யச் சொல்கிறார்கள்.

பொந்து எங்கிருந்து வந்தது என்று நீயே சொல்லு. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் சீனி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணியைக் குடித்து முடிப்போம். நீ மெஷினில் உட்கார்ந்து நாலு தடவை சீனி போட்ட தேத்தண்ணி, இடையில் பிஸ்கட், பஸ்ஸில் டொஃபி. வாயில் இருக்கும் கிருமி சீனியைத் தின்று புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பு பல்லின் வெள்ளை ஓட்டைக் கரைக்கிறது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் போல அது வேலை செய்யும். பிறகு எச்சில் வந்து கழுவிச் சமன் செய்யும். எவ்வளவு சீனி தின்கிறாய் என்பதோடு, எத்தனை தடவை தின்கிறாய் என்பதும் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தின்று முடித்தால் பல்லுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

உன் பல் எது என்று எனக்குத் தெரியும். கடைவாயில் பொந்து விழுந்தது என்றால் பெரும்பாலும் ஆறு வயதில் முளைக்கிற பல்தான். எந்தப் பாற்பல்லும் விழாமல், அவற்றுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அம்மாமார் அதையும் பாற்பல் என்று நினைத்து, போனால் போகட்டும், திரும்ப முளைக்கும் என்று விட்டுவிடுவார்கள். முளைக்காது.

எனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் எனக்கும் இதே பல். டொக்டர் அடைக்கலாம் என்றார். நான்தான், "இல்லை, கழற்றிவிடுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தேன். மறுநாள் நான் படிப்பிக்கிற ஸ்கூலில் பரீட்சை. இரண்டு வருடத்தில் பின்னால் இருந்த பல் அந்த இடைவெளியில் சாய்ந்தது. மேலே இருந்த பல், முட்ட ஆள் இல்லாமல் கீழே இறங்கியது. சாப்பாடு முழுக்க இடது பக்கத்துக்கு மாறியது. இன்றைக்கும் கடலை என்றால் இடது பக்கம்தான். ஒரு நாள் லீவை மிச்சம் பிடித்ததற்கு நாற்பது வருடமாக வட்டி கட்டுகிறேன்.

இப்போது பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உன் அப்பன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்? பட்டையைச் சீவலாம், எத்தனை வருடமானாலும் மரம் தாங்கும். உள்ளே மரத்தை ஒட்டி ஒரு மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் காயம், பிறகு அந்த இடம் கட்டி கட்டியாகத்தான் வளரும். பல்லும் அப்படித்தான். வெளியே வெள்ளை ஓடு, அதற்குள் மஞ்சள் பட்டை, அதற்குள் நரம்பும் இரத்தமும் ஓடுகிற கூழ். சூத்தை பட்டையில் நிற்கிற வரைக்கும் அடைத்தால் போதும். கூழைத் தொட்டுவிட்டதா இல்லையா என்பதுதான் உன் விஷயத்தில் கேள்வி.

இனிப்போ குளிர்ந்த தண்ணீரோ பட்டுச் சுளீர் என்று வந்து, சில வினாடியில் போய்விட்டால், கூழ் இன்னும் பிழைக்கும். ஆறு மாதத்துக்கு முந்திய உன் பல் அது. சூடு பட்டால் வலி எழும்பி அடங்காமல் நிற்பது, ஒன்றும் படாமலே துடிப்பது, படுத்தால் கூடுவது, தூக்கத்தில் எழுப்புவது என்றால் கூழ் சாகத் தொடங்கிவிட்டது. நீ சொன்னதைப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பல்லைத் தட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டொக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வை: இந்த இரண்டொரு நாளில் வலி சட்டென்று நின்றுவிட்டால் சந்தோஷப்படாதே. குணமாகியிருக்காது, செத்திருக்கும். சில மாதம் கழித்து ஈறில் கொப்புளமாக வந்து நிற்கும்.

அடைப்பது சின்ன வேலை. சூத்தையைச் சுரண்டி எடுத்து, வெள்ளிக் கலவையோ, பல் நிறத்தில் நீல வெளிச்சம் காட்டி இறுக்குகிற கலவையோ வைப்பார்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

கூழ் கெட்டிருந்தால் ரூட் கெனால். நம் ஆட்கள் 'நரம்பெடுக்கிறது' என்று சொல்லிப் பயப்படுவது இதைத்தான். பல்லைக் கழற்றும்போது போடுகிற, மரத்துப்போக வைக்கிற அதே ஊசிதான் இதற்கும். வலி பெரும்பாலும் அந்த ஊசி குத்துகிற அளவுதான். உன் பல்லுக்கு வேர் இரண்டு. அதற்குள் குழாய் பொதுவாக மூன்று. குழாயின் அடிவரை, மயிர் போன்ற அரத்தால் ராவி, மருந்துத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, அடைத்து மூட வேண்டும். வேலை நடக்கும்போது எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாளை இழுத்துக் கட்டுவார்கள். 1864இல் நியூயோர்க்கில் பார்னம் என்ற பல் டொக்டர் கண்டுபிடித்த வேலை அது. குழாயை அடைக்கிற சாமானைக் கேட்டால் உன் அப்பன் சிரிப்பான். அதுவும் மரத்துப் பால்தான்! மலாயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால் உறைந்தது, பெயர் கட்டாபேர்ச்சா. நம் ரப்பரும் அதுவும் ஒரே சரக்கால் ஆன சங்கிலி. வளைவு மட்டும் வேறு. அதனால் நம் ரப்பர் இழுபடும், அது விறைப்பாக நிற்கும். கடலுக்கடியில் போட்ட பழைய தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் அதைக் கொண்டுதான்.

இதற்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். முதல் தடவையிலேயே வலி போய்விடும். மேலே வைத்த தற்காலிக அடைப்போடு, "சுகமாகிவிட்டது" என்று இருந்துவிடுவார்கள். எனக்குக் கெட்ட இரண்டாவது பல்லில் நானும் அதைத்தான் செய்தேன். மூன்று மாதத்தில் அடைப்பு விழுந்தது. ஒரு பலாக்கொட்டையைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டி, மூடாமல் போனால் என்ன ஆகும்? மழைத் தண்ணீர் நிற்கும், நுளம்பு பெருகும், ஒருநாள் கரை இடியும். குழியைத் திருப்பி மூடுவதற்கென்றே அனுமதி எடுக்கும்போது காசு கட்ட வைக்கிறார்கள். பல் டொக்டர் உன்னிடம் அப்படிக் காசு கட்டி வைக்கச் சொல்ல மாட்டார். நீயாகத்தான் போக வேண்டும். வேலை முடிந்த பிறகு கடைவாய்ப் பல்லுக்கு மேல் ஒரு தொப்பி போடச் சொல்வார்கள். அதற்குக் காசு ஆகும். நான் பாதி தருகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

அதுவரைக்கும்: டிஸ்பிரினை ஈறில் வைக்காதே, வெந்துவிடும். பனடோல் என்றால் 24 மணி நேரத்துக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகாதே. பாமசியில் கெப்சூல் வாங்கி நீயாகப் போடாதே. செத்த கூழுக்குள் இரத்தம் போகாது, மருந்தும் போகாது. கராம்பு வைத்துக் கடிக்கலாம், கேகாலைப் பக்கத்துக் கராம்பே போதும். பல் கிளினிக்கில் அடிக்கிற வாசம் பாதி அந்த எண்ணெய்தான். ஆனால் அது வலியை மறைக்கும், பொந்தை மூடாது. தாடைக்குக் கீழே வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஞாயிறு திங்கள் பார்க்காதே. 1990க்கு அடி, அம்புலன்ஸ் இலவசம்.

போர்டிங் பிள்ளைகள் சொன்ன இடத்தில் இருப்பவர் மருத்துவச் சபையில் பதிந்தவரா என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். மேல் பல்லைக் கழற்றினால் கண் போய்விடும் என்று அப்பாயி சொல்வது பொய். ஆனால் கண்டவரிடம் வாயைத் திறப்பது உண்மையிலேயே ஆபத்து. அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசு இல்லை. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள். துண்டு எழுதி இரத்தினபுரிக்கோ பேராதனைக்கோ அனுப்பலாம், நாள் காத்திருக்க வேண்டி வரலாம். காத்திருக்கிற காலத்தில் பல்லைத் திறந்து மருந்து வைத்து வலியை அடக்கித் தருவார்களா என்று கேள். உன் சிங்களம் என்னுடையதைவிட நல்லது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன், கதிரையில் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகும்: "தத கலவன்ன எப்பா, புரவன்ன புளுவன்த?" பல்லைக் கழற்ற வேண்டாம், அடைக்க முடியுமா என்று அர்த்தம்.

டொக்டர் பார்த்துவிட்டு, வேர் வரைக்கும் பிளந்துவிட்டது, காப்பாற்ற முடியாது என்றால் கழற்றிவிடு. அப்போது நான் ஒன்றும் பேச மாட்டேன்.

சூப்பர்வைசரிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லி வை. நான் எட்டியாந்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கரவனெல்லை ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து வைக்கிறேன். நீ ஏழரைக்கு வந்தால் போதும். வெறும் வயிற்றோடு வராதே, ஊசி போட்டால் தலை சுற்றும். உன் அப்பனிடம் சொல்லிவிட்டேன். மழை பெய்து வெட்டு இல்லாவிட்டால் அவனும் வருவான்.

அன்புடன்,
பெரியப்பா